ஸ்கேன் மேசையின் முதல் மூன்று விநாடி

பட்டறையில் அவளுக்கு வளைவக்கா என்று பெயர். வைத்தவர் இரும்பு வேலை பார்க்கும் பிட்டர் அண்ணன். அவர் வைத்தால் அந்தப் பெயர் ஆளை விட்டுப் போகாது. முதலாளிக்கே ‘இன்னிக்கே’ என்று பெயர் வைத்தவர் அவர்; எந்த வேலையைக் கொடுத்தாலும் இன்றைக்கே வேண்டும் என்பார் முதலாளி.

ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய நகரும் சாமான்கள் செய்யும் பட்டறை அது. ஸ்கேன் மேசை, ஆபரேஷன் மேசை, ஏற்றி இறக்கும் கட்டில். கீழ்த்தளத்தில் இரும்பு வேலை, மாடியில் வயரிங், மாடியின் கோடியில் ஜன்னலை ஒட்டி வளைவக்காவின் கம்ப்யூட்டர். மோட்டாருக்குச் சொந்த புத்தி கிடையாது. ‘போ’ என்றால் எகிறும், ‘நில்’ என்றால் சுவரில் முட்டின மாதிரி நிற்கும். இப்போது இங்கே இரு, அடுத்து ஒரு மயிரிழை தள்ளி இரு என்று விநாடிக்கு ஆயிரம் தடவை அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சொல்லைத்தான் அவள் எழுதினாள்.

மேசையின் வேகத்தைக் கோடாகப் போட்டால், சரிவாக ஏறும், நடுவில் சமமாக ஓடும், பிறகு சரிவாக இறங்கும். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் சரிவு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் மூலை இருக்கிறதே, அங்கேதான் படுத்திருப்பவருக்குச் சட்டென்று உலுக்கினாற்போல ஒரு வெட்டு விழும். அந்த நாலு மூலைகளையும் தேய்த்து வழவழவென்று வளைப்பது அவள் தொழில். வேகம் ஆளை ஒன்றும் செய்யாது, அது மாறுகிற விதம்தான் செய்யும் என்பது அவள் கட்சி.

அது படித்து வந்த ஞானமில்லை. எட்டு வயதில் அம்மாவின் கையைப் பிடித்தபடி பஸ்ஸில் நின்று வந்துகொண்டிருந்தாள். டிரைவர் வெட்டி நிறுத்தினார். அம்மாவின் முன்பல் இரண்டும் கம்பியில் போயின. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து பல்லைத் தேடியதும், பக்கத்தில் நின்றவர் காலைத் தூக்கி வழிவிட்டதும் இன்னும் அவள் கண்ணிலேயே நிற்கிறது. அன்று பிடித்த பயம் அவளோடு வளர்ந்தது. படியில் கைப்பிடியை விடமாட்டாள். அடுப்பை மூடியாயிற்றா என்று மூன்று முறை பார்ப்பாள். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மாப்பிள்ளையோ பஸ் டிரைவர்.

“பாம்புக்குப் பயந்தவ பாம்பாட்டிக்கு வாக்கப்பட்டாளாம்” என்று அண்ணி இன்னும் கேலி செய்வாள். அண்ணிக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. சம்மதம் சொல்வதற்கு முதல் நாள், முகத்தை மறைத்துக்கொண்டு அவன் ஓட்டும் பஸ்ஸில் ஏறி, கம்பியைப் பிடிக்காமல் நின்று பார்த்தாள் அவள். ஏழு ஸ்டாப். ஒரு தடவைகூடக் காலை மாற்றி வைக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சரி என்றாள்.

பட்டறையில் ஒரு வழக்கம். வளைவை யார் எழுதினார்களோ அவர்களே முதலில் அந்த மேசையில் மல்லாந்து படுக்க வேண்டும். பிட்டர் அண்ணன் ஒரு தம்ளரை விளிம்பு வரை தண்ணீரால் நிரப்பி நெஞ்சின் மேல் வைப்பார். சுற்றிலும் எல்லாரும் கூடுவார்கள். மேசை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் நிற்க வேண்டும். நடுவில் யாரும் பொத்தானைத் தொடக் கூடாது, படுத்தவர் மூச்சும் விடக் கூடாது. ஒரு சொட்டுச் சிந்தினாலும் வளைவைத் திருப்பி எழுத வேண்டும், போதாக்குறைக்கு எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். பதினோரு வருஷத்தில் வளைவக்கா ஒரு நாளும் டீ வாங்கித் தந்ததில்லை.

“அக்காகிட்ட டீ குடிக்கணும்னா மறு ஜென்மம்தான்” என்பார் பிட்டர் அண்ணன்.

அந்த மாதம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு ஸ்கேன் மேசை போக வேண்டியிருந்தது. ஆறு வார வேலையை முதலாளி மூன்று வாரத்தில் கேட்டார். வளைவக்கா புதிதாக ஒரு புரோகிராம் எழுதினாள். தம்ளர் சிந்தவில்லை. சோதனைத் தாளில் அவள் கையெழுத்துப் போட்டாள். மேசை வண்டி ஏறியது.

மேசை போய்ச் சேர்ந்த மறுநாள் சாயங்காலம், ஆஸ்பத்திரியின் ஸ்கேன் தம்பி போன் பண்ணினான். அந்த அறையில் பொத்தானை அமுக்குகிறவன் அவன்தான்.

“மேடம், மேசை சூப்பர். நாளைக்குப் பத்து மணிக்கு ஒரு கழுத்துக் கேஸ். கூரை வேலை பாக்குறவர், மேலயிருந்து விழுந்துட்டார். கழுத்தெலும்புல விரிசலாம். துளிகூட அசையக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். பழைய மேசைன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன். உங்க மேசைங்கறதால சரின்னுட்டேன்.”

பாராட்டுத்தான். ஆனாலும் அவளுக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

“உனக்குப் பயப்படறதுக்கு ஒரு காரணம் வேணும், கிடைச்சிருச்சு” என்றான் கணவன். “தண்ணி சிந்துச்சா?”

“சிந்தல.”

“அப்புறம் என்ன? தூங்கு.”

மறுநாள் காலை அவன் பஸ்ஸிலேயே வேலைக்குக் கிளம்பினாள். தினமும் அப்படித்தான், டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டு அவளுடையது. அதே பஸ்தான் பட்டறையைத் தாண்டி ஆஸ்பத்திரிப் பக்கமும் போகும். மணி ஒன்பதே கால். பஸ் நிறையக் கூட்டம்.

ஸ்டாப்பிலிருந்து பஸ் கிளம்பி வேகம் எடுத்துக்கொண்டிருந்தது. குறுக்கே ஒரு நாய் வந்தது. கணவன் கால் பிரேக்குக்குப் போனது. நாய் மனம் மாறித் திரும்பி ஓடிவிட்டது. உடனே கால் மறுபடியும் ஆக்சிலேட்டருக்குப் போனது. அவ்வளவுதான், ஒன்றரை விநாடி. அத்தனை பக்குவமான காலுக்கும் மீறி நின்றவர்கள் எல்லாரும் ஒரு தடவை தலையாட்டி வைத்தார்கள்.

“என்னப்பா, பூம்பூம் மாடாக்கிட்டே எங்களை?” என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

“நாயைக் கேளுங்க” என்றான் அவன். பிறகு அவள் பக்கம் லேசாகத் திரும்பி, “நாயே மனசை மாத்திக்குது. வேகம் ஏறிட்டிருக்கும்போது மனசு மாறினா எந்தக் காலும் ஒண்ணும் பண்ண முடியாது. ஏத்தத்தை முதல்ல அடக்கணும், அப்புறம்தான் இறக்கணும்” என்றான்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் தனக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

மேசையின் பொத்தானை யாராவது பாதியில் மாற்றி அமுக்கினால் என்ன ஆகும் என்பதை அவள் எழுதியிருந்தாள். மேசை அந்தக் கணம் எங்கே இருக்கிறது, என்ன வேகத்தில் போகிறது, இரண்டையும் பார்த்து அங்கிருந்து புது வளைவு தொடங்கும். சரிதான். ஆனால் அந்த வேகம் அப்போது ஏறிக்கொண்டிருக்கிறதா, இறங்கிக்கொண்டிருக்கிறதா? அதை அவள் பார்க்கவில்லை. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, சமமாக ஓடுகிறது என்று புரோகிராம் தானாகவே எடுத்துக்கொள்ளும். மேசை கிளம்பி வேகம் பிடிக்கும் முதல் மூன்று விநாடிக்குள் பொத்தானை விட்டாலோ மாற்றினாலோ, புது வளைவும் பழைய வளைவும் ஒட்டும் இடத்தில் ஒரு மூலை. தேய்க்காத மூலை. வெட்டு.

தம்ளர் சோதனையில் அது தெரியவே தெரியாது. தம்ளர் இருக்கும்போதுதான் யாரும் பொத்தானைத் தொடக் கூடாதே.

ஆனால் ஆஸ்பத்திரியில்? அங்கே அமுக்கியிருக்கும் வரைதான் மேசை நகரும், விரலை எடுத்தால் தளர்ந்து நிற்கும். மேசையைக் கொண்டுபோய் மாட்டிய அன்று ஸ்கேன் தம்பி வேலை செய்ததை அவள் பார்த்திருக்கிறாள். உள்ளே, ஐயோ அதிகமாயிடுச்சு, வெளியே, கொஞ்சம் உள்ளே. கட்டைவிரல் தாளம் போடும். ஆளைச் சரியான இடத்தில் நிறுத்த அவனுக்கு அதுதான் பழக்கம்.

வெட்டு ஒன்றும் பெரிதாக இருக்காது. ஒரு தம்ளர் தண்ணீர் சிந்தும், அவ்வளவுதான். விரிசல் விட்ட கழுத்தெலும்புக்கு அந்த அளவு எவ்வளவு? அவளுக்குத் தெரியாது. தெரியாததால்தான் பையில் போனைத் தேடி எடுத்தாள்.

தம்பிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை, ஸ்கேன் அறைக்குள் போகும்போது அவன் போனை வெளியே ஒரு டிராயரில் போட்டுவிடுவான். ஆஸ்பத்திரியின் பொது எண்ணுக்கு அடித்தாள். ஒரு பெண் குரல் எடுத்தது.

“ஸ்கேன் ரூமுக்குப் பேசணுங்க.”

“யார் பேசறீங்க?”

“அங்க புது மேசை போட்ட கம்பெனி.”

“அவசரமா?”

அந்த ஒரு கேள்வியில் அவளுக்கு எல்லாம் கண்முன் வந்தது. கையெழுத்துப் போட்ட தாள். முதலாளியின் முகம். பதினோரு வருஷப் பேர். ஆஸ்பத்திரி முழுக்க ‘மேசையில் கோளாறாம்’ என்று பரவுவது. ஒருவேளை தான் நினைப்பது தப்பாக இருந்தால்?

“இல்ல... அவ்வளவு அவசரம் இல்லைங்க. சும்மா ஒரு செக்.”

“அப்ப பன்னிரண்டு மணிக்கு மேல கூப்பிடுங்க.” வைத்துவிட்டாள்.

வளைவக்கா போனைப் பார்த்தாள். என்ன சொன்னோம் என்று புரியச் சற்று நேரம் பிடித்தது. அவளுக்கு வாழ்நாளெல்லாம் எத்தனையோ பயம். ஆனால் தன்னைப் பார்த்தே அவள் பயந்தது அப்போதுதான். மறுபடியும் அடித்தாள். லைன் பிசி. மறுபடியும். பிசி. பட்டறை ஸ்டாப் வந்தது. அவள் இறங்கவில்லை.

“ஏய், உன் ஸ்டாப்பு” என்றான் கணவன்.

“ஆஸ்பத்திரிக்குப் போகணும். பத்து மணிக்குள்ள.” அவன் பக்கம் குனிந்து நாலு வாக்கியத்தில் சொன்னாள். கண்ணாடியில் அவன் கண் ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டு ரோட்டுக்குப் போனது.

“கொஞ்சம் வேகமாப் போயேன்.”

“நின்னுட்டு வர்றவங்க முப்பது பேர் இருக்காங்க.”

அவளால் அதற்கு மேல் கேட்க முடியவில்லை. உலகத்திலேயே அந்தப் பதிலுக்கு எதிராகப் பேச உரிமை இல்லாத ஒரே ஆள் அவள்தான். பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்றது. கைத்தடிக்காரர் ஒருவர் படிக்கட்டில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினார்கள். ஒவ்வொரு தடவையும் பஸ் பாலாடை நகர்வது போலக் கிளம்பியது, பாலாடை போலவே நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வழவழப்பு அவளுக்கு வேப்பங்காயாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு இருநூறு அடி முன்னால் சிக்னலில் சிவப்பு. மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. முன்னால் நீள வரிசை. ஸ்டாப் இல்லாத இடத்தில் கதவைத் திறந்தால் வேலைக்கே ஆபத்து. இருபது வருஷத்தில் அவன் திறந்ததில்லை. கதவு புஸ்ஸென்று திறந்தது.

“இறங்கு. ஓடாதே, நட. விழுந்தேன்னா அதுவும் ஒரு கேஸாயிடும்.”

அவள் ஓடினாள்.

ஸ்கேன் அறை வாசலில் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு ஜோடி ஆண் செருப்பு, ஒன்றில் சிமெண்டு காய்ந்திருந்தது. கூரை வேலைக்காரரின் மனைவி. அறைக்குள் ஓடப்போன வளைவக்காவைப் பார்த்து எழுந்தாள்.

“நீங்க டாக்டரம்மாவா?”

“இல்லம்மா. அந்த மேசையை...” வார்த்தையை மாற்றினாள். “அந்த மேசையை ஓட்டறவ.”

“மெதுவா ஓட்டுங்கம்மா” என்றாள் அந்தப் பெண்.

உள்ளே அவர் ஏற்கெனவே மேசையில் இருந்தார். கழுத்தில் பட்டை, நெற்றிக்குக் குறுக்கே ஒரு வார், இரண்டு பக்கமும் பஞ்சு மூட்டை. கண்கள் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. தம்பியின் கட்டைவிரல் பொத்தானின் மேல்.

“தம்பி, அமுக்காதீங்க.”

அவன் திரும்பினான். “மேடம்? நீங்க எங்க இங்க?”

அவனைக் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்தாள். மூச்சு வாங்கியது. “மேசையில கோளாறு இருக்கு. என் தப்பு. நீங்க பொத்தானைத் தட்டித் தட்டி அமுக்குவீங்கல்ல, அப்படிப் பண்ணா வெட்டும்.”

அவன் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது. “இதை இப்ப வந்து சொல்றீங்க? அவரைக் கட்டில்லேருந்து மேசைக்கு மாத்த ஆறு பேர் சேர்ந்து தூக்கினோம். டாக்டர் தலையைப் பிடிச்சார். எனக்கு உயிரே போயிடுச்சு. இப்ப இறக்கிட்டு, பழைய மேசைக்கு இன்னொரு தடவை தூக்கச் சொல்றீங்களா?”

அவள் மேசையைப் பார்த்தாள். தூக்குவது ஆறு பேரின் பன்னிரண்டு கைகள். அந்தக் கைகளுக்கு எந்த வளைவும் எழுத முடியாது. இன்னொரு பக்கம் அவள் எழுதிய வளைவு. தொடங்கினால் முடியும் வரை தொடாவிட்டால் அது சிந்தாது. அது மட்டும் நிச்சயம். நிச்சயம்தானா? வேகம் ஏற மூன்று விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. இறங்கவும் அவ்வளவே. மனதுக்குள் இரண்டு தடவை கணக்குப் போட்டாள். மூன்றாவது தடவை போட நேரமில்லை.

“இறக்க வேணாம். பொத்தானை அமுக்கினா மூணு எண்ணுங்க, அதுக்கு முன்னால விரலை எடுக்காதீங்க. எடுத்தாலும் மூணு எண்ணுங்க, அதுக்கு முன்னால அமுக்காதீங்க. இடம் தவறிப் போனாக்கூடப் பரவால்ல, எண்ணி முடிச்சிட்டுத் திரும்பி வாங்க.”

“மூணு போதுமா?”

“போதும்.”

“உறுதியா?”

“உறுதியா” என்றாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

படுத்திருந்தவர் வாய் திறந்தார். “என்னங்க அங்க குசுகுசுன்னு?”

“ஒண்ணுமில்லண்ணே. மூணு எண்ணிட்டு நகத்தப் போறோம்” என்றான் தம்பி.

“எண்ணுங்க எண்ணுங்க. கீழ நிக்கறவன் மூணு எண்ணித்தான் கூரை ஓடு தூக்கிப் போடுவான், நான் பிடிப்பேன். அன்னிக்கு ரெண்டுலயே போட்டுட்டான்.”

தம்பி அவளையும் கூட்டிக்கொண்டு பொத்தான் பக்கம் வந்தான்.

தம்பி அமுக்கினான். மேசை கிளம்பியது தெரியவே இல்லை. ஒரு கணம் இருந்த இடம், அடுத்து வேறு இடம். “ஒண்ணு” என்றாள் அவள். அவன் கட்டைவிரல் துடிப்பது தெரிந்தது. பழக்கதோஷம், விரல் தானாக எழப் பார்த்தது. அவள் தன் கையை அவன் கைமேல் வைத்து அழுத்தினாள். “ரெண்டு.” படுத்திருந்தவரின் உதடும் சேர்ந்து அசைந்தது. “மூணு.” விட்டார்கள். மேசை தளர்ந்து, தளர்ந்து, நின்றது. இரண்டு விரற்கடை அதிகம் போயிருந்தது. மறுபடியும் மூன்று எண்ணி, வெளியே. மறுபடியும் மூன்று. இடம் கிடைத்தது. அறையை விட்டு வெளியே வந்து கதவை மூடிக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோதுதான், தன் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருப்பது அவளுக்குத் தெரிந்தது. ஸ்கேன் எடுக்கும்போது மேசை தானாகவே ஒரே வீச்சில் ஓடும், அதற்குப் பயமில்லை. ஆனாலும் அவள் எண்ணிக்கொண்டே நின்றாள்.

பிறகு டாக்டர் வந்து தலையைப் பிடிக்க, ஆறு பேர் தூக்க, அவர் கட்டிலுக்குப் போனார். “விரல் ஆட்டுங்க” என்றார் டாக்டர். பத்து விரலும் ஆடின. வாசலில் செருப்போடு அவர் மனைவி கட்டிலின் பின்னாலேயே போனாள்.

அறை காலியானதும் தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான். “மேடம், நேத்து ஒரு பெரியவர். சிறுநீரகக் கல்லுக்காக வந்தவர். ‘தலைமாட்டுல யாரோ எத்தின மாதிரி இருக்கு’ன்னார். வயசானவர் ஏதோ சொல்றார்னு விட்டுட்டேன்.”

ஒருவேளை தன் நினைப்பு தப்பாக இருக்கலாம் என்று ஒரு மூலையில் வைத்திருந்த ஆசையும் அதோடு போயிற்று.

“ஒரு தம்ளர் தண்ணி குடுங்க” என்றாள்.

அவன் குடிக்கத்தான் என்று நினைத்தான். அவள் மேசையில் ஏறி மல்லாந்து படுத்து, விளிம்பு வரை நிறைந்த தம்ளரை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். “உள்ளே அமுக்கி, ஒண்ணு எண்ணினதும் வெளியே அமுக்குங்க.”

“வேணாம் மேடம்.”

“அமுக்குங்க தம்பி.”

மேசை கிளம்பியது. பட்டுப் போல. ஒன்று. பிறகு முதுகுக்குக் கீழே யாரோ ஒரு தட்டுத் தட்டினார்கள். தண்ணீர் அவள் கழுத்தில் கொட்டி, காதுக்குள் போயிற்று. பதினோரு வருஷத்தில் முதல் தடவை. அவள் கொஞ்ச நேரம் எழவில்லை. இதே இடத்தில், இதே தட்டு, அந்தக் கழுத்துக்குக் கீழே விழுந்திருக்கும்.

காது ஈரத்தோடே முதலாளிக்குப் போன் போட்டாள். சொன்னாள். மறுமுனையில் கிரைண்டரை நிறுத்தச் சொல்லும் குரல் கேட்டது. பிறகு முதலாளி கேட்டார்.

“ஏம்மா, எவ்வளவு சிந்துச்சு?”

“பாதி தம்ளர்.”

“இதே புரோகிராம் வேற எதுல போட்டிருக்கு?”

அந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குப் படுத்திருக்கும்போதே தெரியும். அதனால்தான் எழப் பிடிக்கவில்லை. “ரெண்டு மேசை. இதோடவே வண்டி ஏறினது. ரெண்டு ஊருக்கு.”

“நான் அவங்க மேனேஜர்கிட்டப் பேசறேன். நாளைக்கு ஒரு லெட்டர் போட்டு...”

“இன்னிக்கே” என்றாள் அவள். “இப்பவே. நானே பேசறேன். நம்பர் குடுங்க.”

தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்து, மேசையோடு வந்த சோதனைத் தாளின் பின்பக்கத்தில் எண்களை எழுதிக்கொண்டாள். கழுத்திலிருந்து சொட்டிய நீரில் முதல் எண்ணின் கடைசி இலக்கம் கரைந்தது; மேலேயே திருப்பி எழுதினாள். மணி பத்தே முக்கால். அங்கேயும் இந்நேரம் யாரோ ஒருவர் மேசையில் படுத்திருக்கலாம், யாரோ ஒருவரின் கட்டைவிரல் தாளம் போட்டுக்கொண்டிருக்கலாம்.

நாலாவது மணி அடிக்கையில் ஒரு குரல் எடுத்தது.

“ஸ்கேன் ரூமுக்குப் பேசணுங்க. மேசை செஞ்ச கம்பெனிலேருந்து.”

“அங்க கேஸ் நடக்குதே. அவசரமா?”

“ஆமா” என்றாள் வளைவக்கா. “ரொம்ப அவசரம். மேசையில ஒரு கோளாறு. எழுதினது நான்தான்.”